சுண்ணாம்பு கேட்கும் பெண்: ஃபேன் கேமுக்கு எவ்வளவு கதை வேண்டும்?

அண்டர்டேல் என்ற கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தச் சந்துக்கடை நினைவிருக்கும். மெட்டாட்டன் என்ற ரோபோவின் ஹோட்டலுக்குப் பக்கத்தில் ப்ராட்டி, கேட்டி என்று இருவர், குப்பையில் பொறுக்கிய சாமான்களை வைத்துக்கொண்டு விற்பார்கள். அதில் ஒரு கௌபாய் தொப்பியும் தோட்டா இல்லாத ஒரு துப்பாக்கியும் இருக்கும். யாருடையவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நமக்கு முன்னால் அந்தப் பாதாள உலகத்தில் விழுந்த ஆறு பேரில் ஒருவருடையவை என்று நாமாகத்தான் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 2015-இல் டோபி ஃபாக்ஸ் அந்த விளையாட்டை வெளியிட்டபோது அவ்வளவோடு விட்டுவிட்டார்.

ரசிகர்கள் விடவில்லை. அந்தத் தொப்பியும் துப்பாக்கியும் யாருடையவையோ அந்தக் குழந்தையின் கதையை எடுத்து, பல வருடம் உட்கார்ந்து, 2023 டிசம்பரில் அண்டர்டேல் யெல்லோ என்று ஒரு முழு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். க்ளோவர் என்ற அந்தக் குழந்தை, தனக்கு முன்னால் காணாமல் போன ஐந்து பேரைத் தேடி இறங்குகிறது. மூல விளையாட்டை முடித்தவர்களுக்கு இதன் முடிவு முதல் நிமிடத்திலேயே தெரியும். அந்த ஆறு உயிர்களும் அரசனிடம் போய்ச் சேர்ந்தவை. தெரிந்துகொண்டேதான் விளையாடுகிறோம். ஒவ்வொரு ஊரிலும் க்ளோவருக்கு ஒரு நட்பு கிடைக்கும்போது வயிற்றைப் பிசைவது அதனால்தான்.

இப்படி ரசிகர்கள் தாங்களே செய்கிற ஃபேன் கேமில் கதை எவ்வளவு சிக்கலாக இருக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தத் தொப்பியைத்தான். மூலத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்குள் இறங்கித் தோண்டுகிறார்கள். புதிதாக ஒரு மலையைக் கொண்டுவந்து அதன் தலையில் வைக்கவில்லை.

இப்போது என் சித்தி மகனுக்கு வருகிறேன். மார்த்தாண்டத்துக்காரன், பொறியியல் படிக்கிறான். விசித்திர உயிர்களைப் பிடித்துச் சண்டைக்குப் பழக்குகிற போக்கிமான் உலகத்தில் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தையே ஒரு பிராந்தியமாக வைத்து விளையாட்டு செய்கிறேன் என்று கொஞ்ச காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பயங்கர சந்தோஷம். தோவாளை பூச்சந்தையில் புல் வகை, முட்டத்தில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி நீர் வகை, பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் பூச்சி வகை, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடக்கும்போது காற்று அடித்து நம்மைத் தள்ள வேண்டும் என்று நானும் என் பாட்டுக்கு ஐடியா கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதையை அனுப்பினான்.

"அண்ணே, கொஞ்சம் பெருசுதான். ஆனா வாசிக்க ஆரம்பிச்சா விடமாட்டிய."

கொஞ்சம் பெரிது என்பது அவன் அடக்கம். 1741 குளச்சல் போரில் கதை தொடங்குகிறது. தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டி லனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கியவர். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதுவரை சரித்திரம். அந்தக் கல்லறைக்கு அடியில் ஒரு சாவி, முக்கடலுக்கு அடியில் தூங்கும் ஓர் ஆதி உயிர், பிறந்ததும் பிரிந்த இரட்டையர், கடற்கரை மணலைத் திருடும் ஒரு கும்பல், அந்தக் கும்பலுக்குள்ளேயே ஒரு துரோகி, அந்தத் துரோகியின் நியாயமான காரணம், பிறகு காலத்தில் பின்னோக்கிப் பயணம். எனக்கு மூச்சு வாங்கியது.

"மக்கா, இதுல நாம மொத போக்கிமானைப் பிடிக்கது எப்பம்?"

"அது மூணாவது அத்தியாயத்துலண்ணே. அதுக்கு மின்ன உலகத்தைப் புரியவைக்கணும்லா."

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. போக்கிமான் ஃபேன் கேமை இறக்கி விளையாடுகிறவனுக்கு அந்த உலகம் ஏற்கெனவே தெரியும். ஜிம் என்கிற சண்டைக்கூடம் எட்டு, ஜெயித்தால் எட்டு பேட்ஜ், கெட்ட கும்பல் ஒன்று, பக்கத்து வீட்டுப் போட்டியாளன் ஒருவன் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். விதிகளைச் சொல்லித் தர வேண்டியதில்லை, நம்பவைக்க வேண்டியதில்லை. புதிய விளையாட்டு செய்கிறவன் முதல் ஒரு மணி நேரத்தைச் செலவழித்து வாங்குகிற நம்பிக்கை, ஃபேன் கேம் செய்கிறவனுக்கு இலவசமாகக் கையில் வந்து விழுகிறது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து உலகத்தைக் கட்ட உட்கார்வானேன்?

எங்கள் பக்கம் தோல்பாவைக்கூத்து நடத்துகிற கணிகர் குடும்பங்கள் உண்டு. வீட்டில் மராத்தி பேசுவார்கள், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தமிழில் ராமாயணம் சொல்வார்கள். அத்தனை பாத்திரத்துக்கும் ஒரே ஆள்தான் குரல். ராமன் ஜெயிப்பான் என்பது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பன் எழுதாத இரண்டு பேர் அதில் வருவார்கள், உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும். நடுநடுவே வந்து அடித்துக்கொள்வார்கள், ஊர் நியாயம் பேசுவார்கள், ராவணன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடையைப் பற்றிப் பேசினாலும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் பூர்வ கதை எதுவும் தேவைப்படவில்லை. கூத்துக்காரர்கள் ராமாயணத்துக்கு முன்கதை எழுதி அதில் இவர்களை ராவணனின் தொலைந்துபோன தம்பிகள் ஆக்கவில்லை. பெரிய கதை அதன் பாட்டுக்குப் போகிறது, இவர்கள் அதற்குள் நம் ஊர்த் திண்ணையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். நல்ல ஃபேன் கேம்களில் ரசிகர்கள் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேரும்தான் ஞாபகம் வருவார்கள்.

சிக்கலான கதைக்கு ஒரு செலவு உண்டு. எழுதும்போது அது தெரியாது. ஆர்பிஜி மேக்கர் என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்காவது அத்தியாயத்தில் ஒருவரைச் சாகடிக்க எழுத்தில் ஒரு வரி போதும். விளையாட்டில் அது நடந்ததா இல்லையா என்று குறித்துவைக்க ஒரு ஸ்விட்ச் வைக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் விழுந்ததும் எல்லா ஊரிலும் அவரைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவரின் வசனமும் மாற வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப்போனால், செத்தவரின் மனைவி கிணற்றடியில் நின்று "அவர் சாயங்காலம் வந்திருவாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். (இது நடந்தது. நானும் அவனும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அப்புறம் அதைத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.) துரோகி, இரட்டையர், காலப்பயணம் என்று ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் இந்த ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சம்பளம் வாங்குகிற ஐம்பது பேர் கொண்ட கம்பெனி இதைச் சமாளிக்கும். செமஸ்டர் பரீட்சைக்கு நடுவே ராத்திரி உட்கார்கிற ஒரு பையன் எப்படிச் சமாளிப்பான்?

கிங்ஸ் குவெஸ்ட் என்ற பழைய விளையாட்டின் ரசிகர்கள் செய்த த சில்வர் லைனிங் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமை வைத்திருந்தவர்கள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார்கள், இரண்டு முறையும் ரசிகர்கள் போராடி அனுமதி வாங்கினார்கள். 2010-இல் முதல் பகுதி வந்தது. ஐந்து பகுதி என்றார்கள், நான்கோடு நின்றுபோனது. அதை விளையாடியபோது ஒரு நாற்காலியைத் தொட்டால்கூட அதைப் பற்றி ஒரு பத்தி விவரணை வந்தது. உழைப்பை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, ஆனாலும் அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிப் படி ஏறுவது கஷ்டம்தான்.

இன்னொரு பயமும் ஃபேன் கேமுக்கு மட்டும் உண்டு. மூல விளையாட்டின் உரிமைக்காரர்களிடமிருந்து எந்த நேரமும் நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதம் வரலாம். 2016 ஆகஸ்டில் இரண்டு பெரிய ஃபேன் கேம்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஏஎம்2ஆர், 1991-இல் கேம்பாய்க்கு வந்த இரண்டாவது மெட்ராய்ட் விளையாட்டை, அர்ஜென்டினாக்காரர் மில்டன் குவாஸ்டி கிட்டத்தட்ட பத்தாண்டு உழைத்துப் புதிதாகச் செய்தது. மற்றது போக்கிமான் யுரேனியம், ஒன்பது வருட உழைப்பு. இரண்டையும் வெளியான வேகத்தில் இணையத்திலிருந்து நீக்கவைத்தார்கள். யுரேனியம் அதற்குள் பதினைந்து லட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கம் ஆகியிருந்தது. இரண்டும் முடிந்த பிறகுதான் தடை வந்தது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இன்றைக்கும் அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2009-இல் க்ரோனோ ட்ரிகர் ரசிகர்களின் க்ரிம்சன் எக்கோஸ் முடிகிற தறுவாயில் நின்றது. பாதியில் கடிதம் வந்த கதை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் யாரும் ஒழுங்காக விளையாடப் போவதில்லை. சின்னதாக முடித்துவிடு, முடித்தால்தான் அது இருக்கும் என்று தம்பியிடம் சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்கவில்லை.

யுரேனியம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி அதைத்தான் எனக்கு எதிராகத் தூக்கிப் போட்டான். "அதுல கதை பெருசுதானே, எல்லாரும் கொண்டாடினாவல்லா?"

உண்மைதான். அணு உலை விபத்தில் தாயை இழந்த குழந்தைதான் கதாநாயகன். தகப்பன் வேலையிலேயே மூழ்கிப்போனவர். அணுக்கதிர் பட்ட போக்கிமான்களுக்கென்று தனி வகையே உண்டு. அதை முதன்முதலில் விளையாடியபோது எனக்கு இருந்த உணர்வு அமெரிக்காவில் உட்கார்ந்து விளையாடியவனுக்கு இருந்திருக்காது. கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும் கன்னியாகுமரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். 2011-இல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரையில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் கடற்கரை ஊர்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. இந்தப் பக்கம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட், அதற்குள் தோரியம். உலை வெடித்த ஊர் ஒன்று திரையில் ஆளில்லாமல் கிடக்கும்போது, அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை எனக்கு.

ஆனால் யோசித்துப் பார்த்தால் யுரேனியத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அம்மா ஒரு விபத்தில் போனாள், அதே விபத்து மறுபடியும் ஊர் ஊராக வருகிறது. அவ்வளவுதான். நிகழ்ச்சிகள் பல, முடிச்சு ஒன்று. என்னைக் கேட்டால், கடைசிப் பகுதியில் காரணங்களை விளக்க ஆரம்பிக்கிறபோதுதான் அது தளர்கிறது.

நீளமும் சிக்கலும் சேர்ந்து ஜெயித்த கதையே இல்லையா என்றால், இருக்கிறது. போக்கிமான் ரீபார்ன் 2012-இல் தொடங்கி, பகுதி பகுதியாக வந்து 2022-இல்தான் முடிந்தது. வகைக்கு ஒன்று என்று பதினெட்டு ஜிம். இருண்ட கதை, நிறைய மரணம், நிறைய ஆட்கள். அதற்கென்று உயிரைக் கொடுக்கிற கூட்டம் உண்டு. நான் பாதியில் விட்டேன். யார் யாருடைய தங்கை என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒரு விளையாட்டை ஆட எனக்குப் பொறுமை இல்லை, அது என் குணம். 2014-இல் வந்த இன்சர்ஜன்ஸ் வேறு வழியைப் பிடித்தது: ஆரம்பத்திலேயே இருண்ட கதை வேண்டுமா, லேசான கதை வேண்டுமா என்று கேட்டுவிடும். புத்திசாலித்தனம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அது, தன் கதை எவ்வளவு கனம் என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்த வேலையை நம் தலையில் கட்டுவதாகத்தான் பட்டது.

சரி, ஆழம் வேண்டாமா? வேண்டும். அதற்கு மூல விளையாட்டே பாடம். 1996-இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமானின் வசனப் பெட்டியில் இரண்டு வரிதான் எழுத முடியும், வரிக்குப் பதினெட்டு எழுத்து. அந்தப் பெட்டிக்குள்தான் லேவண்டர் டவுன் இருக்கிறது. இறந்த போக்கிமான்களைப் புதைக்கிற கோபுரம். மேலே ஏறும்போது ஓர் ஆவி வழிமறிக்கிறது. அது மாரோவாக் என்ற போக்கிமானின் ஆவி. தாயை இழந்த கியூபோன் என்ற ஒரு குட்டி கீழே ஊரில் இருக்கிறது. ராக்கெட் என்ற கெட்ட கும்பல் கொன்ற அந்தத் தாய்தான் இந்த ஆவி. ஆவியை அமைதிப்படுத்திவிட்டு நாம் மேலே போகிறோம். நாலைந்து பெட்டி வசனம். சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் எமுலேட்டரில் விளையாடிய எங்கள் கூட்டம் அந்த இடத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ் பாதி புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

அந்த இரண்டு வரிப் பெட்டியில் தமிழை எழுதிப் பாருங்கள், ஒரு உண்மை தெரியும். "தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்" என்பதே ஒரு வரியைத் தின்றுவிடும். நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளும், பெட்டிக்கு வெளியே கால் நீட்டும். அதோடு எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு மாதிரி விழுகிற அந்த எஃபெக்ட் இருக்கிறதே, அது தமிழில் ஒரு கூத்து. "கெ" வர வேண்டிய இடத்தில் முதலில் "க" வந்து நிற்கும், அடுத்த கணம் கொம்பு அதற்கு முன்னால் முளைத்து "க"வை வலப்பக்கம் தள்ளும். புள்ளியும் அப்படித்தான், "க" என்று வாசித்து முடித்த பிறகு தலையில் பொட்டு விழும். வசனம் நீளமாக இருந்தால் கண் வலிக்கிற அளவுக்கு வரி குதிக்கும். எழுத்து எழுத்தாகக் காட்டாமல் சொல் சொல்லாகக் காட்டு என்று சொன்னேன், சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் குதிப்பைப் பார்த்த பிறகுதான் தம்பி தன் வசனங்களைத் தானாகவே வெட்ட ஆரம்பித்தான். நான் சொன்ன எந்த நியாயமும் செய்யாத வேலையை அந்தக் கொம்பு செய்தது.

இப்போது அவன் விளையாட்டில் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பார்வதிபுரம் தாண்டிக் கள்ளியங்காட்டுப் பாதை. ராத்திரி நேரம் மட்டும் அந்த வழியாகப் போனால், பனைமரத்தடியில் ஒரு பெண் நிற்பாள். வெள்ளைச் சேலை. பேசினால் ஒரே ஒரு பெட்டி:

"கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?"

கீழே இரண்டு தேர்வு: இருக்கு, இல்லை. பின்னணி இசை நின்றிருக்கும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாருக்கும் இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். இசக்கி, யட்சி, நீலி என்று ஆளுக்கொரு பெயரில் கேட்டு வளர்ந்த கதை. ராத்திரி தனியாகப் போகிற ஆணிடம் சுண்ணாம்பு கேட்பாள், கொடுக்கக் கையை நீட்டினால் தீர்ந்தது. இரும்பைக் கண்டால் அடங்குவாள் என்பார்கள். அதனால் தம்பி ஒரு வேலை செய்திருக்கிறான்: வடசேரியில் ஒரு கொல்லர் பட்டறையில் சும்மா பேசினால் ஒரு ஆணி தருவார். எதற்கு என்று சொல்லமாட்டார். பையில் அந்த ஆணி இருந்தால் மட்டும் மூன்றாவதாக ஒரு தேர்வு தோன்றும்: ஆணி முனையில் வைத்துக் கொடு. கொடுத்தால் அவள் உருவம் மாறி, போக்கிமானாக நம்மோடு வந்துவிடுவாள். இருக்கு என்றால் சண்டை, மிகக் கஷ்டமான சண்டை. இல்லை என்றால் ஒன்றும் நடக்காது, ஆனால் திரும்பி வரும்போது அவள் வேறொரு மரத்தடியில் நிற்பாள்.

குளச்சல் போர், இரட்டையர், ஆதி உயிர் எல்லாம் சேர்ந்து செய்யாததை இந்த ஒரு பெட்டி செய்கிறது. சிக்கல் இல்லாமலா இருக்கிறது? மூன்று வழி, ஒரு மறைந்த பொருள், நேரக் கணக்கு. ஆனால் அந்தச் சிக்கலைச் சுமப்பது வசனம் அல்ல. பாதி பாரத்தை விளையாடுகிறவனின் ஆச்சி ஏற்கெனவே தூக்கி வைத்துவிட்டாள்.

இதைச் சொல்லி நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, தம்பியின் அக்கா மகள் துபாயிலிருந்து லீவுக்கு வந்தாள். அங்கேயே வளர்ந்த பிள்ளை. போக்கிமான் அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கள்ளியங்காட்டுப் பாதையில் அந்தப் பெண்ணிடம் பேசினாள், "இருக்கு" என்று அழுத்தினாள், அடி வாங்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, சுண்ணாம்புன்னா என்ன? அந்த ஆன்ட்டி ஏன் கோவப்பட்டாங்க?" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உலகத்தைப் புரியவைக்கணும்லா என்று அவன் சொன்னது அந்தப் பார்வையில் முழுசாக இருந்தது. அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபேன் கேமில் நாம் நம்பி நிற்பது இரண்டு விதமான முன்னறிவை. போக்கிமான் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நீலி தெரியாது, நீலி தெரிந்த என் பெரியம்மாவுக்கு போக்கிமான் தெரியாது. இரண்டும் தெரிந்த கூட்டம் நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எத்தனை பேர் இருப்பார்கள்?

இதற்காக மறுபடியும் முன்கதை எழுத நான் சம்மதிக்கவில்லை. பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை, அதில் ஒரு பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் பேசாமலே தாண்டிப் போகலாம், விளையாட்டு தடுக்காது. பேசினால் பொதுவாக ஏதோ சொல்வாள். ஒரு தடவை அடி வாங்கித் திரும்பி வந்து பேசினால் மட்டும், நீலியைப் பற்றிச் சொல்வாள். ஒரு ஸ்விட்ச்தான் கூடுதல் செலவு. தெரிந்தவனுக்குப் பாட்டி வெறும் பாட்டி, தெரியாதவனுக்குத் தேவைப்படும்போது கதை.

டி லனாய் சாவி இன்னும் இருக்கிறது, அதை மட்டும் எடுக்கமாட்டேன் என்று நிற்கிறான். உதயகிரிக் கோட்டையை வைத்துக்கொண்டு அந்தக் கல்லறையைச் சும்மா விட முடியுமா என்கிறான். நானும் அதற்கு மேல் அழுத்தவில்லை. இரட்டையர் போய்விட்டார்கள், காலப்பயணம் போய்விட்டது, முதல் போக்கிமான் இப்போது முதல் ஊரிலேயே கிடைக்கிறது.

பாட்டியின் வசனத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வெற்றிலைச் செல்லம், அவள் புருஷன் ஒரு காலத்தில் அந்த வழியாக வண்டி ஓட்டியது, நீலி கேட்ட ராத்திரி, எல்லாம் சேர்த்து நன்றாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அவன் பாதிக்கு மேல் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறான், கீழே "பெட்டிக்கு ரெண்டு வரிண்ணே" என்று ஒரு குறிப்போடு. வண்டிக்காரப் புருஷன் போனால் போகட்டும். "அவ கேக்கது சுண்ணாம்பு இல்ல மக்கா" என்ற வரியையும் அடித்திருக்கிறான், அதை மட்டும் விடுவதாக இல்லை.